உழைப்பின் அளவும் உணவின் அளவும்



மனிதன் உடலை வருத்தி உழைக்கும்போது அவனுள்ளே என்ன நிகழ்கிறது? அவ்வுழைப்பை அளந்து சொல்ல இயலுமா? இவ்விரண்டு வினாக்களும் விஞ்ஞானக் கூடத்துக்கு மட்டுமே உரியவை என்று பலரும் கருதுவர். ஆயினும், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், நம் சென்னை மாகாணத்தில் இவ்வினாக்களுக்குத் தரப்பட்ட விடையைப் பொறுத்தே இலட்சக்கணக்கான ஏழை மக்களின் உயிர் நிலைப்பதும் நீங்குவதுமாக இருந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நான் வாழும் கூடுவாஞ்சேரி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்று பெயர் பெற்றது இது. எங்கள் ஊரை ஒட்டியே நந்திவரம் ஏரி இருக்கிறது. இத்தகைய ஏரிகளின் கரைகளை இயந்திரங்கள் எழுப்பவில்லை. மண்வெட்டியால் வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, கரைமேல் ஏறிக் கொட்டிய மனிதர்கள் எழுப்பினார்கள். மழை பொய்த்து ஏரி வறண்டுவிட்டால் உழவனுக்கும் கூலியாளுக்கும் வேலையில்லை, வேலையில்லையெனில் சோறுமில்லை. அத்தகைய காலங்களில் அரசாங்கம் நிவாரண வேலைகளைத் தொடங்குவது வழக்கம். ஏரியைத் தூர்வாருதல், கரையை உயர்த்துதல், சாலை போடுதல், கால்வாய் வெட்டுதல் ஆகியவையே அவ்வேலைகள். சென்னை நகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அக்கால்வாய் அந்நாளைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைத் தாங்கி இன்றும் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சென்றால், கோவளத்துக்கு அருகே அதே நீர்வழியின் தென்பகுதியைக் காணலாம்.

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. நம் முன்னோர் அதனைத் தாது வருஷப் பஞ்சம் என்று அழைத்தனர். தாத்தா பாட்டிமார் வாய்மொழியாக அப்பெயர் நெடுங்காலம் வழங்கிவந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு.

பஞ்சம் முற்றிய வேளையில், 1877 ஜனவரியில், வைசிராய் லிட்டன் பிரபு தம் பிரதிநிதியாகச் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். இந்த டெம்பிள் பஞ்ச நிவாரணத்துக்குப் புதியவர் அல்லர். 1873, 1874 ஆகிய ஆண்டுகளில் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது, பர்மாவிலிருந்து பெருமளவில் அரிசியை வருவித்து, பட்டினிச் சாவுகள் பெரும்பாலும் நேராதபடி தடுத்தவர் அவரே. ஆனால் அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. பணத்தை வீணாக்கினார் என்ற பழியே. அந்தப் பழியைச் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்தவர், இம்முறை சிக்கனத்தின் பக்கம் சாய்ந்தார்.

நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும், அதன்மேல் சிறிதளவு சில்லறைக் காசும் கூலியாகப் போதும் என்பது டெம்பிள் வகுத்த கணக்கு. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது இன்றைய அளவில் 454 கிராம். உயிரைக் காப்பதே அரசின் கடமை. அதற்கு ஆகக்கூடிய மிகக் குறைந்த செலவு எதுவோ அதுவே முறையான செலவு என்பது அந்நாளைய ஆட்சியாளரின் வாதம். வரலாற்றில் இதற்கு ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதனை எதிர்த்து நின்றவர் டாக்டர் கார்னிஷ். அவரும் ஆங்கிலேயர், அவரும் அரசாங்க அதிகாரி, சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871ஆம் ஆண்டில் இம்மாகாணத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவர். அதற்கும் முன்னரே, 1860களில், இம்மாகாணத்து மக்கள் உண்ணும் உணவைப் பற்றியும் சிறைச்சாலை உணவைப் பற்றியும் தகவல்களைத் திரட்டி ஆராய்ந்திருந்தார். ஆதலால், கூலியாள் ஒருவன் நல்ல காலத்தில் எவ்வளவு உண்கிறான் என்பதை அவர் ஊகமாக அன்றி, ஆய்வினால் அறிந்திருந்தார்.

கார்னிஷின் வாதத்தை எளிய சொற்களில் கூறுவதாயின் இதுதான்: சும்மா இருப்பவனுக்கு வேண்டிய உணவு வேறு, மண் சுமப்பவனுக்கு வேண்டிய உணவு வேறு. உழைப்பைப் பெற்றுக்கொண்டு ஓய்ந்திருப்பவனுக்குரிய உணவைத் தருவதென்றால், குறையும் பகுதியை அவன் தன் உடலிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறான். அந்த இழப்பு முதல் வாரத்தில் கண்ணுக்குப் புலப்படாது. தெரியும்போதோ காலம் கடந்திருக்கும். எனவே உழைப்பவனுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் பருப்பு, காய்கறி முதலியனவும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

பம்பாய் மாகாணத்திலும் இதே கூலி புகுத்தப்பட்டது. அங்கே கூலியாட்கள் கூட்டங் கூட்டமாக வேலைத்தளங்களை விட்டு வெளியேறினர். புனே சார்வஜனிக் சபையார் அவர்களுக்காக வாதாடினர். சென்னையில் டெம்பிளும் கார்னிஷும் எழுதிய குறிப்புகளும் மறுப்புகளும், ‘மெட்ராஸ் டைம்ஸ்’ இதழின் ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் விரிவாக இடம்பெற்றுள்ளன.

இவ்விருவருள் யார் கூறியது சரி என்பதை அந்நாளில் எதைக் கொண்டு தீர்மானிப்பது? இதற்கு விடை காண, உழைப்பை அளக்கும் கலை வளர்ந்த கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

இத்தாலி நாட்டில் சாந்தோரியோ என்றொரு மருத்துவர் இருந்தார். ஒரு பெரிய தராசிலிருந்து நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து, தாம் உண்பதையும் கழிப்பதையும் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உண்டதன் எடைக்கும் கழித்ததன் எடைக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியாமலே உடல் எதையோ இழந்துகொண்டிருக்கிறது என்று 1614இல் வெளியிட்ட நூலில் அவர் கூறினார். அந்த ‘எதையோ’ என்பது பெரும்பாலும் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் வெளியேறும் நீரும் காற்றும் என்பது பின்னர்த் தெரியவந்தது.

பிரெஞ்சு நாட்டு லவாய்சியர் அடுத்த பெரும் படியை ஏறினார். அடுப்பில் விறகு எரிவதும் உடலில் உணவு செலவாவதும் அடிப்படையில் ஒரே செயல். இரண்டுக்கும் பிராணவாயு வேண்டும் என்று காட்டினார். தம் துணைவரான செகுவின் என்பாரைக் காலால் மிதிக்கும் கருவியில் வேலை செய்ய வைத்து, ஓய்வில் எவ்வளவு பிராணவாயு செலவாகிறது, உழைப்பில் எவ்வளவு செலவாகிறது என்று அளந்தார். உழைக்கும்போது அது பன்மடங்காகப் பெருகியது. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இவ்விஞ்ஞானி ஒரு கேள்வியையும் எழுப்பினார். உடலை எரித்து உழைப்பவன் ஏழை. அவனுக்கே உணவு மிகுதியாக வேண்டும். அவ்வாறிருக்க, உழைக்காத செல்வனிடம் உணவு குவிந்து கிடப்பதும், உழைக்கும் ஏழைக்கு அது கிட்டாமற்போவதும் ஏன் என்பதே அவர் கேட்டதன் கருத்து. அளக்கத் தொடங்கிய மறுகணமே நீதியின் கேள்வி எழுந்துவிட்டதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அதே நூற்றாண்டின் இறுதியில் கூலொம் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், மனிதன் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்யக்கூடும் என்பதைப் படியேறுதல், சுமை தூக்குதல், மண் வெட்டுதல் முதலியவற்றைக் கொண்டு கணக்கிட்டார். ஒரே மனிதனிடமிருந்து மிகுந்த வேலையைப் பெற வேண்டுமாயின், இடையிடையே ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே 1877இல் கார்னிஷின் கையில் வழிகாட்டும் விஞ்ஞானம் ஓரளவு இருந்தது. ஆனால் துல்லியமான எண்கள் இல்லை. அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்பவர், ஆள் ஒருவர் உள்ளேயே தங்கி, உண்டு, உறங்கி, சைக்கிள் மிதிக்கத்தக்க மூடிய அறையொன்றை அமைத்து, அவர் உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தது 1890களில்தான். டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் முதுகில் சுமக்கும் பையொன்றில் வெளிமூச்சைச் சேகரித்து அளக்கும் முறையை 1911இல் வெளியிட்டார். அதன்பின் வயலிலும் சுரங்கத்திலும் உழைப்பவர்களையும் அளப்பது எளிதாயிற்று. தசைகளின் உழைப்பை ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கடும் உழைப்பின்போது உடல் பிராணவாயுவைக் கடன்பட்டு, ஓய்வில் மேல்மூச்சு வாங்கி அக்கடனை அடைக்கிறது என்று ஹில் விளக்கினார்.

இவர்கள் கண்ட உண்மைகளைக் கொண்டு டெம்பிள் கூலியை நாமே ஒரு பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நேயர்கள் விரும்பினால் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறான். மண் வெட்டும்போது அது ஒரு லிட்டரும் அதற்கு மேலும் ஆகிறது. ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால், உடலில் ஏறத்தாழ 5 கிலோ கலோரி எரிந்ததாகப் பொருள். பேச்சு வழக்கையொட்டி நாம் இதனைக் கலோரி என்றே சொல்வோம். 50 கிலோ எடையுள்ள ஒருவன் படுத்தே கிடந்தாலும், இதயம் துடிக்கவும் மூச்சு இயங்கவும் உடற்சூடு காக்கவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 கலோரி செலவாகும். டெம்பிள் கொடுத்த ஒரு பவுண்டு அரிசியில் இருப்பது ஏறத்தாழ 1600 கலோரி. மீதம் 400. மண் வெட்டுபவன் மணிக்கு 300 கலோரி எரிக்கிறான். எனவே எஞ்சிய 400 கலோரி ஒன்றரை மணி நேர உழைப்புக்குக்கூடப் போதாது. வேலையோ நாள் முழுவதும்.

இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் கடுமையாக உழைத்தால் நாளொன்றுக்கு 3470 கலோரி வேண்டும். நம் பஞ்ச காலத்துக் கூலியாளின் எடை 50 கிலோ என்று கொண்டு அதே விகிதத்தில் குறைத்தாலும், ஏறத்தாழ 2700 கலோரி ஆகிறது. கிடைத்தது 1600. சில்லறைக் காசுக்கு உப்பும் புளியும் மிளகாயும் வாங்கியது போக என்ன தேறியிருக்கும்? ஆக, நாள்தோறும் குறைவு ஏறத்தாழ 1000 கலோரி. உடற்கொழுப்பில் ஒரு கிலோ கரைந்தால் கிடைப்பது ஏறத்தாழ 7700 கலோரி. அப்படியானால், எட்டு நாளைக்கு ஒரு கிலோ வீதம் அவன் தன் உடலையே உண்டுகொண்டிருந்தான் என்றாகிறது. கொழுப்பே இல்லாத மெலிந்த உடலில் கரைவது தசைதான். கார்னிஷ் கேட்ட ஒன்றரைப் பவுண்டில் ஏறத்தாழ 2400 கலோரி உண்டு. அதனுடன் பருப்பும் காய்கறியும் சேர்ந்தால் தேவையை நெருங்கிவிடும். கலோரிக் கணக்கு இல்லாத காலத்தில் அவர் சொன்ன அளவு அத்துணைப் பொருத்தமாக அமைந்திருந்தது.

இக்கணக்கை மெய்ப்பிக்கும் சோதனையொன்று 68 ஆண்டுகளுக்குப் பின்னர், கடல் கடந்து நடைபெற்றது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகக் கொண்டு 24 வாரங்கள் அரைப்பட்டினிச் சோதனை நடத்தினார். அவர்களுக்குத் தரப்பட்ட உணவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1600 கலோரி. அதாவது ஏறக்குறைய டெம்பிளின் ஒரு பவுண்டு. அவர்கள் செய்த உழைப்போ நடைப்பயிற்சியும் சில்லறை வேலைகளுமே. நன்கு உண்டு வளர்ந்த அவ்விளைஞர்கள் ஆறு மாதத்துக்குள் தம் எடையில் நாலில் ஒரு பங்கை இழந்தனர். நாடித்துடிப்பு மெலிந்தது, கால்கள் வீங்கின, படியேறவும் இயலவில்லை, எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே அவர்களை ஆட்கொண்டது. அவர்களுக்கு மருத்துவர்கள் அருகில் இருந்தனர்; சோதனை முடியும் நாளும் முன்னரே தெரியும். நம் ஏரிக்கரைகளில் மண் சுமந்தவர்களுக்கு இவற்றுள் ஒன்றேனும் இருந்ததா?

சென்னை அரசாங்கம் சில மாதங்களுக்குள் கார்னிஷின் கருத்துக்கு ஓரளவு இணங்கி, கூலியை ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்புமாக உயர்த்தியது. ஆயினும் அதற்குள் பலர் உடல் தளர்ந்து, உணவு கொடுத்தாலும் செரிக்கும் ஆற்றலை இழந்திருந்தனர். அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர், அப்பஞ்சத்தில் மாண்டவர்களின் உடலைப் பரிசோதித்துக் கண்டவற்றை 1889இல் ஒரு நூலாக வெளியிட்டார். நெடும்பட்டினி உடலின் உள்ளுறுப்புகளையே சீர்குலைத்துவிடுகிறது என்பது அதனால் விளங்குகிறது. சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணைக்குழு 1880இல் அறிக்கை தந்தது. அதன் பயனாகப் பஞ்ச நிவாரண விதிகள் எழுந்தன. வேலை செய்வோரை உடல்வலிமைக்கு ஏற்ப வகைப்படுத்துவதும், வகைக்கேற்பக் கூலி கொடுப்பதும், வேலை செய்ய இயலாதவர்க்கு இலவச உணவு அளிப்பதும் அவ்விதிகளில் இடம்பெற்றன. ஐம்பது இலட்சம் உயிர்கள் கொடுத்த விலை அது.

இருபதாம் நூற்றாண்டில் உணவையும் உழைப்பையும் ஆராயும் பணி நம் மாநிலத்திலேயே வேரூன்றியது. குன்னூரில் மக்கேரிசன் 1918இல் தொடங்கிய ஆராய்ச்சி, ஊட்ட ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு 1937இல் வெளியிட்டார். கேழ்வரகிலும் கம்பிலும் என்ன இருக்கிறது என்பதை ஏழை உழவனும் அறியத்தக்கதாக அது எண்ணில் எழுதியது. 1958இல் ஐதராபாத்துக்குச் சென்ற அக்கூடமே பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. உடற்பயிற்சித் துறையிலோ, ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் இருக்கும் அக்கல்லூரியில் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் நம் ஊர்ப் பள்ளிகள் எங்கும் பரவினர்.

அவர்கள் வழியாகப் பள்ளிகளுக்கு வந்த சோதனை ஒன்றைக் கூறுகின்றேன். ஹார்வர்டு பல்கலைக்கழகக் களைப்பு ஆராய்ச்சிக் கூடத்தார் 1943இல் வெளியிட்ட படியேற்றச் சோதனை அது. 20 அங்குல உயரமுள்ள பலகைமேல் நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பின்னர் அமர்ந்து, 1ஆம், 2ஆம், 3ஆம் நிமிடங்கள் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நாடியை எண்ண வேண்டும். துடிப்பு விரைவில் அடங்கினால் உடல் உரமானது. அடங்க மறுத்தால் உடல் இன்னும் பழக வேண்டும் என்பது பொருள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பெஞ்சும் ஒரு கடிகாரமும் போதும். நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், வளர்ந்த மாணவர்களுக்கு உடற்கல்வி ஆசிரியர் இதனைச் செய்துகாட்டும்போது உடனிருந்து பார்த்திருக்கின்றேன். அவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘காலையில் என்ன சாப்பிட்டாய்?’ என்பதே. இல்லை என்று தலையசைத்த மாணவனை அவர் பலகை ஏற விட்டதில்லை.

அக்கேள்வியின் அருமையை எந்தத் தலைமையாசிரியரும் அறிவார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்ற பிள்ளை திடீரெனச் சரிந்து விழும். தண்ணீர் தெளித்து எழுப்பிக் கேட்டால், முந்திய இரவும் சரியாக உண்ணவில்லை என்று தெரியவரும். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஒரே உண்மையின் தொடர்ச்சி. படிப்பும் உழைப்பே, ஓடுவதும் ஆடுவதும் உழைப்பே, உழைப்பைக் கேட்பவர் உணவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உடல் உழைப்பை அளந்து கூலி தரும் முறை நம் காலத்திலும் தொடர்ந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ், நூறு நாள் வேலை என்று நம் மக்கள் அழைத்த பணியில், வெட்டிய மண்ணின் நீளமும் அகலமும் ஆழமும் அளக்கப்பட்டன. வயது வந்த ஒருவர், ஒரு மணி நேர ஓய்வு உட்பட எட்டு மணி நேரம் உழைத்தால் உரிய கூலி கிடைக்குமாறு வேலையளவு அமைய வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. ஓய்வும் உழைப்பின் ஒரு பகுதியே என்று சட்டமே ஏற்றுக்கொண்டதைக் கார்னிஷ் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். வெயில் என்னும் மற்றொரு சுமையையும் இனி நாம் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. ஒரே மண்ணை மார்கழியில் வெட்டுவதும் சித்திரையில் வெட்டுவதும் உடலுக்கு ஒன்றல்ல. வெயிலில் இதயம் தசைகளுக்கும் குருதியை அனுப்ப வேண்டும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் அதே வேலைக்கு நாடி மிகுதியாகத் துடிக்கிறது.

வெட்டிய மண்ணை அளக்கும் கோல் ஆட்சியாளர் கையில் எக்காலத்திலும் இருந்திருக்கிறது. வெட்டிய மனிதனை அளக்கும் தராசு ஒன்றும் வேண்டும் என்று 1877இல் நம் மாகாணத்து மருத்துவர் ஒருவர் வாதாடினார். இன்று அத்தராசு நம் கையில் இருக்கிறது; எண்களும் இருக்கின்றன. நம் வீட்டில் கட்டட வேலை செய்பவரையும், சாலையோரம் பள்ளம் தோண்டுபவரையும், வயலில் நாற்று நடும் பெண்ணையும் காணும்போது, அவர்கள் செய்து முடித்த வேலையை மட்டும் பாராமல், அவர்கள் உண்டார்களா, நீர் அருந்தினார்களா, சற்று நிழலில் அமர்ந்தார்களா என்பதையும் நாம் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.